நானூறு என்று எழுதியிருந்தால் இருநூறு

"கறுப்பாய் விழுத்திப்போடாதை தம்பி."

கமெராவைத் தூக்கினால் முன்னால் நிற்பவரிடமிருந்து வரும் முதல் பேச்சு இதுதான். கலியாணவீடு, சாமத்தியவீடு, அடையாள அட்டைக்கான தனிப்படம், எதுவானாலும் சரி. இரணைமடுச் சந்திக்குப் பக்கத்தில் நான் கடை வைத்திருந்த காலத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது கேட்டிருப்பேன். ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். இருக்கிற நிறந்தானே விழும் என்று மனதுக்குள் முணுமுணுப்பேன். ஒருநாள் பழைய படங்களை மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தபோதுதான் சனம் என்ன கேட்டது என்று விளங்கியது. வேட்டி வெள்ளையாக இருந்தது. பின்னால் குளம் பளபளத்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கரிக்கட்டி. கண் எது, புருவம் எது என்று பிரிக்க முடியவில்லை. என்னிடம் அவர்கள் கேட்டது கண்ணை.

உனக்குப் பிடித்த பிலிம் எது என்று இப்போது சில இளந்தாரிகள் வந்து கேட்கிறார்கள். பெட்டியின் பெயரைச் சொல்வதற்கு முதல் இந்தக் கரிக்கட்டியைத்தான் நான் சொல்லவேண்டியிருக்கிறது.

ஆடி மாதத்து மத்தியானம் இரணைமடுக் குளக்கட்டில் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். வெயில் உச்சந்தலையில் நேரே இறங்கும். நெற்றியும் மூக்குநுனியும் மினுங்கும், கண்குழி இரண்டும் இருட்டு. சால்வை வெள்ளை, வேட்டி வெள்ளை, வானமும் வெள்ளை. வடமாகாணத்திலேயே பெரிய குளம் இது. தண்ணீர் கிடந்தால் கீழேயும் ஒரு சூரியன் என்று வையுங்கள். கமெராவின் மீற்றர் இந்த வெள்ளையையெல்லாம் கண்டு மிரண்டு ஒளியைக் குறைக்கச் சொல்லும். நாங்களும் நம்பிக் குறைப்போம், முகம் போய்விடும். வேட்டிக்கும் கண்குழிக்கும் நடுவில் ஐந்து ஸ்ரொப் வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். ஒவ்வொரு ஸ்ரொப்புக்கும் ஒளி இரட்டிக்கும் என்பதால் ஐந்து ஸ்ரொப் என்பது 32 மடங்கு. அந்த 32 மடங்கையும் இரண்டு விரல் அகலப் பிலிமுக்குள் அடக்கவேண்டும்.

தொழிலை நான் பழகியது மாமாவிடம். 1989இல் கிளிநொச்சி நகரத்தில் அவருக்கு ஒரு சின்ன ஸ்ரூடியோ இருந்தது. சுவரில் கண்ணாடி, சீப்பு, ஒரு பவுடர் டப்பா, வாடகைக்குக் கறுப்புக் கோட்டு. அடையாள அட்டைக்குக் கறுப்பு வெள்ளைப் படந்தான் வேண்டும் என்பதால் கலர் எவ்வளவு வந்தாலும் கறுப்பு வெள்ளை பிலிமும் இருட்டறையும் எங்களைப்போன்ற கடைகளில் சாகாமல் கிடந்தன. பிலிமைத் தெரிவு செய்வது என்ற பேச்சு மாமாவிடம் கிடையாது. "கிடைக்கிற பிலிம்தான்ரா நல்ல பிலிம்" என்பார். ஊட்டியில் இந்திய அரசாங்கத்தின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செய்த 'இந்து' பிலிம் சிலவேளை யாருடையவாவது பையில் வந்து சேரும். கொடாக் வரும். பெட்டியில்லாமல், திகதி தெரியாமல் வெறும் றோலாகவும் வரும். எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் கழுவுவார்.

பிறகு சண்டை, தடை. தொண்ணூறுகளில் வன்னிக்கு வரவிடாத பொருட்களில் பற்றறியும் ஒன்று. ரோச்லைற்றுக்குப் பற்றறி இல்லாத ஊரில் கமெராவுக்கு எங்கே போவது? என்னிடம் இருந்தது பென்ராக்ஸ் கே1000. அந்தக் கமெராவில் பொத்தான் அளவுப் பற்றறி மீற்றருக்கு மட்டுந்தான் வேண்டும், ஷட்டர் முழுக்கப் பொறியால் ஓடும். மீற்றர் செத்த பிறகும் பல வருடம் அதனோடு வேலை செய்தேன். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய படிப்பு அதுதான். மாமாவின் வாய்ப்பாடு இது: நிலத்தில் நிழல் கத்தியால் வெட்டினமாதிரி விழுந்தால் லென்ஸின் துளை எண் 16. ஓரம் மங்கினால் 11. நிழல் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் 8. நிழலே இல்லையென்றால் 5.6. ஷட்டர் பிலிமின் வேக எண்ணுக்குக் கிட்ட நிற்கவேண்டும். 400 பிலிம் என்றால் செக்கனில் 500இல் ஒரு பங்கு, 100 பிலிம் என்றால் 125இல் ஒரு பங்கு. உலகமெல்லாம் உள்ள விதிதான். ஆனால் வானத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்து ஒளி அளக்கிற பழக்கம் வந்துவிட்டால் மீற்றர் இருக்கிறவனைவிட நாங்கள் குறைவாகத்தான் பிழைவிட்டோம்.

1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது நாங்கள் ஸ்கந்தபுரம் பக்கம் போனோம். மண்சுவர், கிடுகுக் கூரை. இருட்டறை என்று தனியாக ஒன்றுமில்லை, இரவுதான் இருட்டறை. சாக்கைத் தொங்கவிட்டு, ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றிச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டி, அந்த வெளிச்சத்தில் படக் கடதாசியைக் கழுவினோம். பிலிமுக்கு அந்தச் சிவப்பும் ஆகாது. அதைக் கும்மிருட்டில் தடவித்தான் தாங்கிக்குள் சுற்றவேண்டும். பெரிதாக்கும் கருவிக்கு மின்சாரம் இல்லாததால் மோட்டார் சைக்கிளின் முன்விளக்குப் பல்பைப் பூட்டி 12 வோல்ற் பற்றறியில் எரித்தோம். அந்தப் பற்றறி எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

எனக்குச் சூடு என்றால் என்னவென்று படிப்பித்தது அந்த வீடு. கறுப்பு வெள்ளை பிலிமைக் கழுவும் நேரமெல்லாம் 20 பாகை செல்சியஸுக்குக் கணக்குப் போட்டவை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் விடியப்புறம்கூட 28க்குக் கீழே வராது. பத்து மணிக்கு வாளியில் எடுத்து வைத்தால் 31. பிலிமின் மேல் இருக்கிற ஜெலற்றின் சூட்டில் ஊதிப் பொதுமும். அந்த நேரம் பார்த்துக் குளிர்தண்ணீர் பட்டால் சுருங்கி வெடிக்கும். 1997இல் ஒரு கலியாணவீட்டுப் பிலிமை, திகதி முடிந்த பழைய றோல் ஒன்று, சுடச்சுட டெவலப்பரிலிருந்து எடுத்து மண்பானைத் தண்ணீரில் அலசினேன். குளிர்ச்சி நல்லது என்று நினைத்துச் செய்த வேலை. காயவைத்துப் பார்த்தால் மாப்பிள்ளை பொம்பிளை இரண்டு பேருடைய முகமும் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பொம்பிளையின் தகப்பன் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, "குளம் வத்தினமாதிரிக் கிடக்கு" என்றார். பிறகும் காசு தந்தார். படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார் என்றும் கேள்விப்பட்டேன். அந்த வீட்டுப் பக்கம் நான் போகவில்லை.

அன்றிலிருந்து பிலிமிடம் நான் முதலில் கேட்பது, என்னுடைய தண்ணீரைத் தாங்குவாயா என்பதுதான். அழகு பிறகு.

2002இல் யுத்தநிறுத்த ஒப்பந்தம் வந்து ஏ9 பாதை திறந்ததும், இருந்தாற்போல் எல்லாம் கிடைத்தது. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் கலர் லாப், கொழும்பிலிருந்து எந்தப் பிலிமும் சொல்லியனுப்பி எடுக்கலாம். பன்னிரண்டு வருடம் கிடைத்ததைக் கொண்டு சமாளித்த எனக்குத் தெரிவு என்று ஒன்று வந்தது அப்போதுதான். உண்மையைச் சொன்னால் குழம்பிப்போனேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு புன்னகை, ஒரு சூரியகாந்திப்பூ. அதனால் ஒரு சோதனை வைத்தேன். ஐயாவை வெள்ளை வேட்டியோடு குளக்கட்டில் இருத்தி, மத்தியானம் ஒரு படம், பின்னேரம் மரநிழலில் ஒரு படம், இரவு வீட்டில் ரியூப்லைற்றின்கீழ் ஒரு படம். புதுப் பிலிம் வரும்போதெல்லாம் இதே மூன்றும். ஐயா நல்ல கறுவல், கண்குழி ஆழம். எனக்கு அதைவிட நல்ல மீற்றர் கிடைத்திருக்காது. "ஊரில ஆக்கள் இல்லையே, என்னைத்தான் வெயில்ல வைச்சு வாட்டுவாய்" என்று ஒவ்வொருமுறையும் பேசுவார். பேசிக்கொண்டே சால்வையைச் சரிசெய்வார்.

கலரை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் சோறு போட்டது அதுதான். கொடாக் கோல்டில் தோல் இளஞ்சூடாக, மஞ்சள் பூசிக் குளித்தமாதிரி வரும். கூறைச்சேலையின் சிவப்பும் நன்றாக நிற்கும். பியூஜியில் வயல் பச்சை. காலபோக வெள்ளாமை குடலைப் பருவத்தில் நிற்கும்போது வாய்க்கால் கரையில் பியூஜியால் எடுத்த பச்சையை வேறொன்றிலும் நான் காணவில்லை. பகல் வெளிச்சத்துக்கென்று செய்த கலர் பிலிம் எதுவும் ரியூப்லைற்றின்கீழ் பச்சை தட்டும். 1998இல் வந்த பியூஜி சுப்பீரியாவில் இதற்கென்றே நாலாவதாக ஒரு நிறப்படை சேர்த்திருந்தார்கள். ஜெனரேற்றரும் ரியூப்லைற்றுமாக நடந்த எங்கள் கலியாணவீடுகளுக்கு அது பெரிய உதவி. பகல் தாலிகட்டுக்குக் கொடாக், இரவு வரவேற்புக்குப் பியூஜி, கையில் காசில்லாத வீட்டுக்குக் கொனிகா. என் கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் கலரில் பாதிப் படத்தை எடுப்பது லாப்காரன். 37.8 பாகையில் மூன்றேகால் நிமிடம், ஒரு அரைப்பாகை பிசகினால் நிறம் மாறும். வீட்டில் செய்ய வழியில்லை. பிரின்ற் போடும் இயந்திரம் கறுத்த முகத்தைக் கண்டால் படம் இருட்டு என்று முடிவுகட்டி வெளிற வைக்கும், அல்லது வேட்டியைக் கண்டு முகத்தை இன்னும் இருட்டாக்கும். ஒரு லாப்பில் என் ஐயாவைச் சாம்பல் பூசின சாமியாராக்கித் தந்தார்கள். சண்டை பிடித்தேன். இது எங்கள் ஊர் லாப்காரரின் குணம் என்று அப்போது நினைத்திருந்தேன். பிறகு வாசித்துத்தான் தெரிந்தது, விசயம் இன்னும் பழையது. வட அமெரிக்க லாப்களில் நிறம் சரிபார்க்க 'ஷேர்லி' என்று ஒரு அட்டை வைத்திருப்பார்கள், அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவளுடைய தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்த தோல் சரியாக வருவதில்லை என்ற முறைப்பாடு காதில் விழவில்லை. எழுபதுகளில் சொக்லேற் கொம்பனிகளும் தளபாடக் கொம்பனிகளும், எங்கள் பழுப்பு நிறங்கள் பிரிந்து தெரியவில்லை என்று விளம்பரப் படங்களுக்காகச் சண்டைபிடித்த பிறகுதான் கொடாக் அந்தப் பக்கம் திரும்பியது. பிரெஞ்சு இயக்குநர் கொதார் அதே எழுபதுகளின் கடைசியில் மொசாம்பிக் போனபோது இதே காரணம் சொல்லிக் கொடாக் பிலிமை வேண்டாமென்றார். ஐயாவின் முகத்துக்குக் கிடைக்காத மரியாதை மேசைக்கும் சொக்லேற்றுக்கும் கிடைத்தது என்று சொன்னேன். "அதுகளுக்கு விலை இருக்கெல்லோ" என்றார்.

இனிக் கறுப்பு வெள்ளை. இதில் லாப்காரன் இல்லை, முகத்துக்கு நானே பொறுப்பு.

கொடாக் டிரை-எக்ஸ் பெரிய பெயர் எடுத்த பிலிம். 1954இல் 35 மில்லிமீற்றரில் வந்ததிலிருந்து பத்திரிகைப் படக்காரர்களின் பிலிம் அதுதான். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை, என் குளக்கட்டுக்கு அது ஆகவில்லை. மப்பும் மந்தாரமுமான ஊரில் அது தரும் கடுங்கறுப்பு அழகு. எங்களுக்குக் கடுங்கறுப்பை வெயிலே தந்துவிடுகிறது, பிலிமும் சேர்ந்து தரவேண்டியதில்லை. டி-மக்ஸ் பிலிமில் படத்தின் மணி மிக நுணுக்கம், ஆனால் சூட்டிலும் நேரத்திலும் கொஞ்சம் தவறினால் படம் எகிறிவிடும். சாக்கு நனைத்துத் தண்ணீர் குளிர்த்துகிறவனுக்கு அது சரிவராது. இல்போர்ட் எஃப்பி4 பிளஸ் வெயிலுக்கு மிக நல்லது. 125 வேகம், வழுவழுப்பு. பின்னேரம் மரநிழலுக்குள் போனால் கை நடுங்கும். இரண்டு வகைப் பிலிம் வாங்கிவைக்கிற வசதி இருந்தால் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும்.

நின்றது இல்போர்ட் எச்பி5 பிளஸ். 1989இல் வந்தது, நான் மாமாவிடம் போன அதே வருடம். இயல்பிலேயே கொஞ்சம் தட்டையான பிலிம், கறுப்பும் வெள்ளையும் அடிபடாது. குறை என்று சிலர் சொல்வது அதைத்தான். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. பெட்டியில் 400 என்று எழுதியிருக்கும். நான் 200 என்று எண்ணிக்கொள்வேன். அதாவது கத்தி நிழல் விழும் வெயிலில் 16இல் வைத்து 250இல் ஒரு பங்கு. ஒரு ஸ்ரொப் கூட ஒளி போகிறது, கண்குழிக்குள் கண் வந்துவிடுகிறது. வேட்டி வெளிறிப்போகாதா என்றால், அதைப் பிடித்துவைப்பது கழுவும்போது. நிழலைக் கமெராவில் காப்பாற்று, வெள்ளையைத் தாங்கிக்குள் காப்பாற்று என்பது பழைய பாடம். கழுவும் நேரத்தை ஐந்தில் ஒன்று குறைத்தால் கண்குழியில் பெரிய மாற்றமில்லை, வேட்டி இறங்கிவந்துவிடும். நூல் தெரியும், மடிப்புத் தெரியும். கோயில் இரவுகளில் இதே பிலிமை 1600 என்று எண்ணி நேரத்தைக் கூட்டிக் கழுவுவேன். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனால் கற்பூர வெளிச்சத்தில் பார்த்த முகம் விழும். மணி மணியாகத்தான் விழும், ஆனால் விழும்.

கழுவும் மருந்து டி-76. நானே கலந்துகொள்வேன்: ஒரு லீற்றருக்கு மெற்றோல் 2 கிராம், சோடியம் சல்பைற்று 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். நிறுப்பதற்கு நகைக்கடைத் தராசு. சல்பைற்றை முழுக்கப் போட்ட பிறகு மெற்றோல் கரையாது, ஆகவே ஒரு சிட்டிகை சல்பைற்று, பிறகு மெற்றோல், அதன்பிறகுதான் மற்றது. கலந்ததைச் சரிக்குச் சரி தண்ணீர்விட்டு நீர்ப்பேன். கொம்பனிக்காரன் சொல்லும் நேரம் 20 பாகைக்கு. ஈரச்சாக்குச் சுற்றிய பானையில் இரவிரவாக வைத்தால் என் தண்ணீர் 26க்கு வரும். அந்தச் சூட்டுக்கு ஏழு நிமிடம், ஐந்தில் ஒன்றைக் கழித்தால் ஐந்தரை. ஐந்துக்குக் கீழே போனால் மருந்து சமனாகப் பிடிக்காமல் வானம் திட்டுத் திட்டாக வரும். நீர்க்காமல் கழுவினால் ஐந்துக்குக் கீழே போய்விடும் என்பதால்தான் இந்த நீர்ப்பு. மருந்தும் அலசுகிற தண்ணீரும் ஹைப்போவும் ஒரே பானைக் குளிர்ச்சியில் இருக்கவேண்டும். இதுவரை எச்பி5 எனக்கு ஒருமுறைகூட வெடிக்கவில்லை. கடைசி அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீர் கூடாது, காய்ந்தபின் வெள்ளைப் பொட்டு நிற்கும். மழைத்தண்ணீரைக் கொதிக்கவைத்து வடித்து வைத்திருப்பேன். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பிலிமைப் பகலில் காயப்போடுவதில்லை. வன்னிப் புழுதி ஈர ஜெலற்றினில் ஒட்டினால் பிறகு எந்தத் தூரிகையாலும் எடுக்க முடியாது.

இதையெல்லாம் காசு கொடுத்து யாரும் கேட்கவில்லை. கலியாணவீட்டுக்காரருக்குக் கலர் அல்பம் கொடுத்துவிட்டு, கடைசியில் என் ஆசைக்கு இரண்டு மூன்று கறுப்பு வெள்ளை எடுப்பேன். பெரும்பாலும் சாப்பாடு முடிந்து களைத்துப்போய் இருக்கும் ஆட்களை. "இதுக்கும் காசோ?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் இருந்து தருவார்கள்.

2006இல் கொனிகா பிலிம் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. ஆவணியில் ஏ9 பூட்டுப்பட்டது. திரும்பவும் எண்ணி எண்ணி எடுக்கும் காலம். 2008 கடைசியில் நாங்கள் வெளிக்கிட்டபோது நெகற்றிவ்களைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கலரெல்லாம் பொலித்தீன் உறையோடு ஒரு பிளாஸ்ரிக் பரலுக்குள் போட்டேன். கறுப்பு வெள்ளையைத் தாள் உறையில் வைத்து நாலு பிஸ்கற் தகரத்தில் அடுக்கி, மூடியைச் சுற்றி மெழுகுதிரி உருக்கி ஊற்றினேன். வீட்டுக்குப் பின்னால், மண் உயர்ந்த இடத்தில் கிடங்கு வெட்டித் தாட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுத இது இடமில்லை.

2010இல் மெனிக் பாம் முகாமிலிருந்து வந்து கிண்டினேன். பரலுக்குள் தண்ணீர் போயிருந்தது. கலர் நெகற்றிவ் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் நிறம் தோலாகக் கையோடு வந்தது. தகரம் நாலில் ஒன்று துருப்பிடித்து நனைந்திருந்தது, மூன்று சுகம். பிலிம் வல்லது என்று கதை சொல்ல ஆசைதான், ஆனால் நியாயமாகப் பார்த்தால் பாதிப் பெருமை தகரத்துக்கும் மெழுகுதிரிக்கும். அந்த வருட முடிவோடு அமெரிக்காவில் கொடாக்குரோம் என்ற கலர் பிலிமைக் கழுவிய கடைசி லாப்பும் நிறுத்தியது. எனக்கு அது தெரியவந்தது பல காலம் கழித்து.

வந்த முதல் மாதங்களில் ஆட்கள் தேடிவந்தார்கள். "தம்பி, எங்கட கலியாணப்படம் உங்களிட்டை இருக்கே?" அல்பம் எல்லாருடையதும் வழியில் போயிருந்தது. இல்லையென்றுதான் கனபேருக்குச் சொன்னேன். சிலருக்கு மட்டும் அந்தக் காசில்லாப் படம் இருந்தது: பந்தலுக்குப் பின்னால் வாங்கில் இருந்து வெற்றிலை போடும் ஒரு அம்மம்மா, மாலையைக் கழற்றி மடியில் வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளை. ஒரு பெண் தன் தமையனை அதில் கண்டாள். நெடுநேரம் பார்த்துவிட்டு, "கண் வடிவாய்த் தெரியுது" என்றாள்.

இப்போது கடையில் டிஜிற்றல்தான். அடையாள அட்டையும் கலராகிவிட்டது. பிலிம் எனக்காக மட்டும். அதுவும் தங்கச்சி அனுப்பினால். அவள் இருப்பது கிழக்கு லண்டனில், இல்போர்ட்டில். எங்கள் சனம் நிறையக் குடியிருக்கும் அதே ஊரின் பெயர்தான் பிலிம் பெட்டியிலும் உள்ளது. 1879இல் அல்பிரட் ஹாமன் என்பவர் அங்கே ஒரு வீட்டில் கண்ணாடித் தட்டுகள் செய்யத் தொடங்கியதால் வந்த பெயர். தொழிற்சாலை எப்போதோ செஷயரில் மொபர்லிக்குப் போய்விட்டது. "உங்கட ஊர்ப் பிலிம் ரண்டு போட்டுவிடு" என்றால் அவளுக்குச் சிரிப்பு. ஊரில் தோசைக்கடை எது, நகைக்கடை எது என்று சொல்வாள். பிலிம் அவளுக்குத் தபாலில்தான் வருகிறது.

ஆகவே வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிலிம் கொண்டுவந்தால் பெரிய பெட்டிக்குள் வைக்காதீர்கள், அங்கே பிடிக்கும் கதிர் பலமானது. கையில் கொண்டுவாருங்கள். ஆனால் இப்போது விமான நிலையங்களில் வந்திருக்கும் புதிய சி.ரி. ஸ்கானர் கைப்பையில் இருக்கிற பிலிமையும் புகைமூட்டமாக்கும். பிலிமை வெளியே எடுத்துக் காட்டி, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள். மார்கழிக்கு முதல் கொண்டுவந்தால் நல்லது. குளம் வான் பாயும்போது எடுக்க என்னிடம் இரண்டு றோல்தான் மிச்சம்.